கண்டக்டர் வளர்த்த கோழிக்குஞ்சுகள்

செவலை செத்தது பிரமநாயகத்தால்தான்.

கடித்தது கீரி. அது வேறு. கீரி வாயில் கொண்டுபோய் விட்டது இவன்.

செவலை ஒரு கோழி. அடையில் இருந்த கோழி. முட்டைகள் பொரிக்கும் தறுவாய். அந்த நேரத்தில் அடைக்கோழியின் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது. இவன் கூடையோடு தூக்கிக்கொண்டு போய்த் தன் குடிசைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

எதற்கு?

பேச்சுத்துணைக்கு.

சிரிக்க வேண்டாம். மொட்டைப்பாறையில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஊர் முடிந்து, தோப்பும் முடிந்து, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் அந்தப் பாறை. பாறையில் வனப்பேச்சிக்கு ஒரு பீடம். பீடத்தை ஒட்டி இரண்டு குடிசை. ஒன்றில் உலகம்மாள். மற்றதில் பிரமநாயகம். வேறு ஆள் கிடையாது. காற்று மட்டும் உண்டு.

உலகம்மாள் குரு. பிரமநாயகம் சீடன். வயதில் அவள் பத்துப் பன்னிரண்டு இளையவள். அதனால் அவனை அண்ணாச்சி என்பாள். அவன் அவளை அம்மா என்பான். பெரும்பாலான நாள் பேச்சு அத்தோடு சரி.

அவன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் கிடையாது. ஆயுசு முழுக்க ஆள் நெருக்கத்தில் நின்றவன். மூச்சு முட்டுகிற கூட்டம். அத்தனை பேரும் அவரவர் நிறுத்தம் வந்ததும் இறங்கிப் போனார்கள். கடைசி நாள் வண்டியை டெப்போவில் விட்டபோது, தான் எங்கே இறங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

இங்கே வந்தான். எனக்கு ஒரு வழி சொல்ல வேண்டும் என்று கேட்டான்.

உலகம்மாள் முற்றத்தைக் கையால் காட்டினாள்.

“கோழியளப் பாருங்க.”

பேச்சிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து விட்ட கோழிகள். யாரும் அறுக்க மாட்டார்கள். அதுபாட்டுக்குப் பெருகிக் கிடந்தன. அவற்றைப் பார்ப்பதுதான் வழி என்று அவன் நினைத்தான். பார்த்தான். ஒரு வருசம் போயிற்று. இன்னொரு வருசமும் போயிற்று. அவள் வேறொன்றும் சொல்லவில்லை.

அவள் ஓடைக்குப் போனால் பின்னால் போவான். சுள்ளி பொறுக்கப் போனால் பின்னால் போவான். ஒருநாள் அவள் நின்று திரும்பினாள்.

“என் பின்னால வராதிய அண்ணாச்சி. பாதை தேஞ்சிரும்.”

அன்றைக்குத்தான் அவன் கோழிகளோடு பேச ஆரம்பித்தான்.

செவலைக்கு நல்ல குணம். தொட்டால் ஒதுங்காது. தடவினால் கண்ணை மூடும். அதை அவனுக்குப் பிடித்துப் போயிற்று.

இன்னொன்று இருந்தது. மூளி. கொண்டையை நாய் பிய்த்துவிட்டதால் அந்தப் பெயர். கறுப்பு. கிட்டே போனால் கொத்தும். வருசம் பூராவும் அடைப் பைத்தியம். முட்டை இருக்கிறதோ இல்லையோ, உருண்டையாக எது கிடந்தாலும் ஏறி உட்காரும். சிரட்டை மேல் உட்கார்ந்தது. கல் மேல் உட்கார்ந்தது. ஒருநாள் அவனுடைய செம்பின் மேல் உட்கார்ந்துகொண்டு செம்பைத் தரமாட்டேன் என்றது.

அடை தெளிய என்னென்ன செய்வார்களோ அத்தனையும் அவன் செய்தான். தண்ணீரில் முக்கினான். மூக்கில் இறகைச் செருகினான். காலைக் கட்டி வெயிலில் போட்டான். கட்டை அவிழ்த்ததும் அது நேரே போய்க் கல் மேல் உட்கார்ந்தது.

கடைசியில், கீழூரிலிருந்து அரிசி கொண்டுவரும் செல்லையாவிடம் அதைக் கொடுத்துவிட்டான். உலகம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவலையின் முட்டைகள் பொரிக்கும் நாள் நெருங்கியதும் கூடை குடிசைக்குள் வந்தது. பேச்சும் தொடங்கியது. எந்த நிறுத்தத்தில் யார் ஏறினார்கள், யார் சில்லறைக்குச் சண்டை போட்டார்கள், எந்தக் கிழவி இறங்கும்போது கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள், எல்லாம் செவலைக்குத் தெரியும். நடு நடுவே அதைத் தூக்குவான். முட்டையை எடுத்துக் காதில் வைத்துக் கேட்பான். உள்ளே ஏதோ அசையும். மறுபடி வைப்பான். மறுபடி தூக்குவான்.

நல்ல குணமுள்ள கோழி. பொறுத்தது.

ஒருநாள் உச்சி வேளையில் அவன் முட்டையைக் காதில் வைத்திருக்கும்போது அது எழுந்தது. இறக்கையை அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டியது. அவன் கூப்பிட்டான். வரவில்லை. முள்ளுப்புதருக்குள் போய் ஒண்டியது. அவன் போய்ச் சேருவதற்குள் கீரி முந்திக்கொண்டது.

இறகுதான் கிடந்தது.

அவன் உலகம்மாளிடம் ஓடினான். செவலை போய்விட்டது, முட்டை இன்னும் சூடாக இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டான்.

அவள் குடிசைக்குள் வந்தாள். ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஆமா, சூடாத்தான் இருக்கு” என்றாள். போய்விட்டாள்.

பிரமநாயகம் உமியை வறுத்துச் சாக்கில் கட்டினான். சூடு ஆற ஆற மாற்றினான். மாற்றுகிற நேரத்தில் முட்டைகளை வேட்டியில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டான். தூங்கவில்லை. எப்படியோ ஒப்பேற்றினான். பாதி கூமுட்டை ஆயிற்று. பாதி பொரிந்தது.

ஓட்டை உடைத்து வந்தவை அவன் முகத்தைப் பார்த்தன. அவன் குரலைக் கேட்டன. வேறு யார் இருக்கிறார்கள்? நம்பின.

அவன் நடந்தால் நடந்தன. நின்றால் நின்றன. உட்கார்ந்தால் மடியில் ஏறி வேட்டி மடிப்புக்குள் புகுந்து படுத்தன. நாக்கைத் தட்டி “பா, பா” என்றால் போதும், எங்கே இருந்தாலும் உருண்டு விழுந்து ஓடி வந்தன.

உள்ளே போ, உள்ளே போ என்று தொண்டை கிழியக் கத்தி ஆட்களை நகர்த்திய மனுசன் அவன். இப்போது கத்தாமலே ஒரு கூட்டம் பின்னால் வந்தது. இறங்குவதாகவும் இல்லை.

ஒருநாள் ஓடைக்கரையில் அவன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். உலகம்மாள் குடத்தோடு நின்று பார்த்தாள்.

“இப்பம் கேள்வி ஒண்ணும் இல்லையோ அண்ணாச்சி?”

“இல்லம்மா.”

“நல்லது.”

சொன்னாள். குரலில் நல்லது இல்லை.

பிறகு பருந்து வந்தது.

அவன் பாறையைக் கடந்து வந்துகொண்டிருந்தான். பின்னால் வரிசையாகக் குஞ்சுகள். வெட்டவெளி. ஒரு நிழல் பாறை மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசிக் குஞ்சு இருந்த இடத்தில் குஞ்சு இல்லை.

மற்றவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அவன் கத்தினான். கத்தியதும் இன்னும் கிட்டே வந்தன.

சாயம் பூசும், பருந்து கண்ணுக்குத் தட்டுப்படாது என்று செல்லையா யோசனை சொன்னான். பிரமநாயகம் பேச்சியின் குங்குமத்தைக் கரைத்துப் பூசினான். எது நன்றாகச் சிவந்ததோ அது முதலில் போயிற்று.

பஞ்சாரக் கூடையைப் போட்டு மூடி வைத்தான். அவனைக் காணாமல் கத்தின. தீனியைத் தொடவில்லை. ஒன்று கழுத்தைத் தொங்கப் போட்டது. பயந்து திறந்துவிட்டான். ஓடி வந்து காலைச் சுற்றின.

அடுத்த வாரம் செல்லையா அரிசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் குஞ்சுகளைப் பார்த்தான்.

“என்ன கண்டக்டரே, இந்த டிரிப்புல கூட்டம் கொறஞ்சிட்டே.”

பிரமநாயகம் சிரிக்கவில்லை. செல்லையாவும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மிச்சம் நாலு. அந்த நாலுதான் அவனுக்கு இந்த உலகத்தில் இருந்தது. அதுவும் போனால் பாறையும் காற்றும்தான்.

உலகம்மாள் அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். போய் நின்றான். குஞ்சுகளும் நின்றன.

“எங்க போனாலும் பின்னால வருதுவ. நான் ஓடுனா கூட ஓடுதுவ. ஒளியத் தெரியல, பதுங்கத் தெரியல. நான் என்னதாம்மா செய்யணும்? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

அவள் குழவியை நிறுத்தினாள். எழுந்தாள். அவன் வலது கையைப் பிடித்து உயர்த்தினாள். கக்கத்துக்குள் குனிந்து பார்த்தாள். விட்டாள். இடது கையை உயர்த்தினாள். பார்த்தாள். விட்டாள்.

“றெக்கையக் காணமே அண்ணாச்சி.”

உட்கார்ந்து மறுபடி அரைத்தாள்.

அவன் அப்படியே நின்றான். அவமானமாக இருந்தது. திரும்பப் போகிற நேரத்தில், அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“மூளி எங்க?”

அன்றைக்கே கீழூருக்கு இறங்கினான். குஞ்சுகளை உலகம்மாளின் அடுக்களையில் அடைத்துவிட்டுப் போனான். அவை கத்துவது தோப்பு வரைக்கும் கேட்டது.

செல்லையாவின் பெண்சாதி வாசலில் நின்றாள். குடுத்த கோழியைத் திருப்பிக் கேட்டு வருகிற சாமியாரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். கோழி ஒரு முட்டை வைக்கவில்லை என்றாள். கிட்டே போன பிள்ளைகளையெல்லாம் கொத்திவைத்தது என்றாள். வைக்கோல்போருக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினாள்.

மூளி ஆற்றுக்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தது. மெலிந்திருந்தது. மார்பில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது. கண் மட்டும் பழைய கண்.

“கல்லோட எடுத்துக்கிடுங்க. இல்லன்னா வராது” என்றாள் அந்தப் பெண்.

கோழியையும் கல்லையும் ஒரே கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவன் மலை ஏறினான். வழியெல்லாம் மூளி அவன் மணிக்கட்டைக் கொத்தியது. ரத்தம் வந்தது. அவன் கையை எடுக்கவில்லை. மூக்கில் இறகு செருகிய கை அது.

பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்கியதும், கல்லை உருவிக்கொண்டு குஞ்சுகளை ஒவ்வொன்றாக அடியில் தள்ளினான். மூளி விறைத்தது. கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தது. பிறகு உடம்பை உப்பிக்கொண்டு மெதுவாகத் தணிந்தது. தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. உலை கொதிப்பதுபோல, அடங்கிய சத்தம். செவலை அவனிடம் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. எந்தக் கோழியும் போட்டதில்லை. அது அவனுக்கான சத்தம் இல்லை.

விடிந்தது. பிரமநாயகம் எழுந்து இருமினான்.

அவ்வளவுதான். மூளியோடு சேர்த்துக் கவிழ்த்திருந்த பஞ்சாரத்தின் இடுக்கு வழியே நாலும் பிதுங்கி வெளியே வந்து அவன் காலடியில் நின்றன. மூளி உள்ளேயிருந்து கூப்பிட்டது. திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டது. அவன் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டதும் ஓடி வந்து அவன் கணுக்காலைக் கொத்தியது.

மறுநாளும் அதே கதை. அன்றைக்குப் பகலில் பருந்து வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மூளி கத்தி எச்சரித்தது. குஞ்சுகள் அதைக் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மிச்சம் மூன்று.

“கோழி சரியில்லம்மா” என்றான்.

“கோழி சரியாத்தான் இருக்கு.”

“பெறவு?”

உலகம்மாள் அவனை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“நீங்க செத்துப் போயிருங்க அண்ணாச்சி.”

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

“இன்னைக்கு ஒருநா போதும்” என்றாள்.

அவனைக் குடிசைக்குள் போகச் சொன்னாள். இருமக்கூடாது, கனைக்கக்கூடாது, பெருமூச்சு விடக்கூடாது என்றாள். கதவை இழுத்துச் சாத்தினாள். வெளியே கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

பிரமநாயகம் தரையில் படுத்தான்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அவை அவனைத் தேடத் தொடங்கின.

முற்றத்தில் கத்தின. பீடத்துப் பக்கம் கத்தின. அப்புறம் குடிசையைக் கண்டுபிடித்து வந்துவிட்டன. கதவுக்கு வெளியே கத்தின. கதவின் அடியில் ஒரு விரல் அளவு இடுக்கு. அதில் சின்ன அலகு ஒன்று தெரிந்தது. போயிற்று. மறுபடி தெரிந்தது.

அவன் கையை நீட்டினான். இடுக்குக்கு அருகில் கொண்டுபோய், விரலை மடக்கிக்கொண்டான்.

தூரத்தில் பருந்து கூவியது.

அவன் எழுந்து உட்கார்ந்தான். கதவைத் தட்டினான். மெதுவாகத்தான் தட்டினான்.

வெளியிலிருந்து பதில் வந்தது.

“செத்தவன் கதவத் தட்டுவானா?”

அவன் வேட்டி நுனியைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டான்.

அவை கத்திக்கொண்டே இருந்தன. கத்திக் கத்திக் குரல் கம்மியது. மூளியின் குரலும் கேட்டது. எட்டத்தில், விட்டு விட்டு. அது கூப்பிடுகிறதா, திட்டுகிறதா, அவனுக்குத் தெரியவில்லை. அவன் யாரையும் இப்படிக் கூப்பிட்டதில்லை. அவனையும் யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. விசில் கொடுத்தால் வண்டி நகரும். அதுதான் அவனுக்குத் தெரிந்த பாஷை.

ஒரு குரல் நின்றது.

இன்னொன்று நின்றது.

மூன்றாவது மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் முனகியது. அதுவும் நின்றது.

அப்புறம் சத்தமே இல்லை.

முடிந்தது என்று நினைத்தான். மூன்றும் போயிற்று. பருந்தோ, கீரியோ, ஏக்கமோ. எல்லாம் ஒன்றுதான். மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தான். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. செத்தவன் துடைக்க மாட்டான்.

அப்படியே கிடந்தான். பசித்தது. பசி போயிற்று. காற்று கூரையை இழுத்துப் பார்த்தது. யாரும் வரவில்லை. யாரும் வரமாட்டார்கள் என்பதும் மெல்ல மெல்லப் பழகியது.

கதவு திறந்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது.

உலகம்மாள் எழுந்து நின்றாள். வியர்வையில் சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் கறுத்துப் போயிருந்தது. அவள் வைத்துக்கொண்ட தண்ணீர்ச் செம்பு எட்டாத தூரத்தில் அப்படியே நிறைந்திருந்தது. முதுகில் கதவுப்பலகையின் கோடுகள் பதிந்து கிடந்தன. அவள் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

அவன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன பாக்கிய? அங்க பாருங்க.”

முற்றத்து ஓரத்தில் மூளி உட்கார்ந்திருந்தது. தனியாக. குஞ்சு எதையும் காணவில்லை. பிறகு மூளியின் மார்பு இறகு அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. உள்ளே போயிற்று.

மூளி எழுந்தது. மூன்றும் எழுந்தன. அது நடந்தது. அவையும் நடந்தன. பிரமநாயகத்தின் காலை ஒட்டிக்கொண்டுதான் போயின. நிற்கவில்லை.

அவன் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியது. தட்டினால் போதும். “பா” என்று ஒரு தடவை.

பாறை மேல் நிழல் வழுக்கியது.

மூளி ஒரு சத்தம் போட்டது. ஒரே சத்தம். கண் சிமிட்டுவதற்குள் குஞ்சுகள் இல்லை. பாறையில் இறக்கையை விரித்துக்கொண்டு ஒரு கோழி மட்டும் இருந்தது. பருந்து ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு வட்டம் அடித்தது. போய்விட்டது.

பிரமநாயகம் நாக்கை இறக்கிக்கொண்டான்.

உலகம்மாள் செம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனாள். அவன் போகவில்லை. அந்தியில் அவள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தது அன்றைக்கு அவனுக்குப் பாரமாகத் தெரியவில்லை. சுகமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது.

மாதங்கள் போயின. பேச்சிக்குக் கொடை விழா வந்தது. செல்லையா பூவும் எண்ணெயும் சுமந்துகொண்டு ஏறி வந்தான். பீடத்துச் சுவரில் மூன்று இளஞ்சேவல்கள் வரிசையாக நின்றன. வாலில் பச்சை மின்னியது. ஒன்று கூவியது.

செல்லையா சுமையை இறக்கவே மறந்துவிட்டான்.

பரவாயில்லையே கண்டக்டரே என்றான். தாயில்லாக் குஞ்சுகளை இப்படி ஆளாக்கிவிட்டீரே என்றான். ஊரில் போய்ச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்றான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இது யாரு கைவாகு வே? உம்மதா, அம்மாதா?”

உலகம்மாள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. நிமிரவில்லை.

பிரமநாயகம் சொன்னான்.

“மூளி.”